ஆவுடையின் கைராசி

மார்ச் 3, திங்கள்

காலை 7.05. வெறும் வயிற்றில் 268.

சர்க்கரை பார்க்கும் மிஷினை மகள் தமயந்தி சென்னையிலிருந்து அனுப்பியிருந்தாள். பார்ப்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள் அப்பா என்று போனில் சொன்னாள். தேதியும் நேரமும் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் நேரக்காப்பாளனாக இருந்தவன் நான். எந்த வண்டி எப்போது வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதே என் பிழைப்பாக இருந்தது.

ஆனால் 268 என்பதை எழுதக் கை வரவில்லை. விரலை நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன். 271. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பீடி கிடையாது, குடி கிடையாது, காப்பிக்கு அரைக் கரண்டி சீனிக்கு மேல் போட்டது கிடையாது. எனக்கா?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஐந்து நிமிஷத்தில் மாத்திரை எழுதிவிட்டார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமாம். என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் சிவனணைந்தான் இப்படித்தான் ஒரு மாத்திரையில் ஆரம்பித்தான். கடைசியில் சாப்பாட்டுத் தட்டில் சோற்றுக்குச் சமமாக மாத்திரை இருந்தது. எனக்கு அந்தச் சோலியே வேண்டாம்.

அதே வளாகத்தில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ச் சித்த மருத்துவரைப் பார்த்தேன். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டை எல்லாம் சேர்த்த பொடி கொடுத்தார், கஷாயம் வைத்துக் குடிக்க. நல்ல மனிதர். மாத்திரையையும் விடாதீர்கள் என்றார். அது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லி வைப்பது.

மாத்திரை அட்டையைக் குப்பையில் போடு என்று ஆவுடையிடம் கொடுத்தேன். சரி என்று வாங்கிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

காலை 6.50. 255.

கஷாயத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். ஆவுடை கரண்டியைப் பிடுங்கிவிட்டாள்.

"நீங்க இங்கன வரப்பிடாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நான் போட்டுத் தாரேன். நீங்க குடிச்சாப் போதும்."

கசப்பு நாக்கைப் பிடுங்கியது. தம்ளரின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. என்ன இது என்றேன். நாவல்கொட்டை என்றாள். நாவல்கொட்டைப் பொடி வெள்ளையாகவா இருக்கும் என்றேன். வறுக்காட்டா வெள்ளையாத்தான் இருக்கும் என்றாள். சமையல் விஷயத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவன் இந்தத் தெருவில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

காலை 6.45. 149.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

காலை 6.45. 116.

இந்த எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் காலையிலேயே நோட்டைக் காட்டிவிட்டேன். வருஷப் பிறப்புக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

மதியம் சாப்பாட்டுக்குத் தங்கை சண்முகக்கனி புளியங்குடியிலிருந்து வந்தாள். எங்கள் அப்பா போகும்போது அவளுக்கு ஒன்பது வயசு. நான்தான் வளர்த்தேன், கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆளாகக் காலை இட்லிக் கடை நடத்துகிறாள். பிள்ளை குட்டி இல்லை. ஆறு வருஷமாக அவளுக்கும் சர்க்கரை. இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறாள்.

நோட்டைப் புரட்டிக் காட்டினேன். கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

"மாத்திரையே இல்லாமலாண்ணே?"

"ஒண்ணுகூடக் கிடையாது. வேரும் பூவுந்தான். நீயும் அந்த மாத்திரைய விட்டுத் தொலை."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஆவுடை கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள். "அவ எதுக்கு நிறுத்தணும்? ரெண்டையும் சேத்துச் சாப்பிடட்டுமே" என்றாள்.

"ஒரு பஸ்ஸ ரெண்டு டிரைவர் ஓட்ட முடியுமாளா?" என்றேன். கனி சிரித்தாள். ஆவுடை சிரிக்கவில்லை. நகைச்சுவை அவளுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும்.

என் பங்குப் பொடியில் பாதியைக் கனிக்குக் கட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை 6.50. 112.

கனி போன் செய்தாள். மாத்திரையை நிறுத்திப் பதிமூன்று நாளாகிறது, உடம்பு லேசாக இருக்கிறது, மெலிந்துகூட விட்டேன் என்றாள். தண்ணீர்தான் குடம் குடமாகக் குடிக்கிறாளாம். வெயில் அப்படி.

பிறகு கொஞ்சம் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். ஆவுடை எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டு, மாத்திரையை விட்டுவிடாதே, அவர் பேச்சைக் கேட்காதே என்று சொல்லியிருக்கிறாள்.

"எம்மேல உள்ள கடுப்பு மதினிக்கு இன்னும் போகலண்ணே. நான் நல்லா இருக்கப்பிடாது. உனக்கு ஒரு வைத்தியம், எனக்கு ஒரு வைத்தியமா?"

அந்தக் காலத்தில் கனியை நான் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்று ஆவுடைக்கு வருத்தம் உண்டு. நாத்தனார், மதினி என்றால் எந்த வீட்டிலும் இருப்பதுதான். அதற்காக உடம்பு விஷயத்திலுமா? ஆவுடையைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

மே 12, திங்கள்

காலை 6.40. 114.

தமயந்தி வீடு மாறுகிறாள். ஒத்தாசைக்கு ஆவுடை பத்து நாள் சென்னைக்குப் போகிறாள். கஷாயப் பொடியை இருபது பொட்டலமாக மடித்து, காலை, ராத்திரி என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்திருக்கிறாள். டப்பாவில் உள்ளதை எடுக்கக் கூடாது, பொட்டலத்தைத்தான் பிரிக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகச் சொன்னாள். இரண்டும் ஒரே பொடிதானே என்று எனக்குச் சிரிப்பு.

மே 14, புதன்

காலை 6.55. 134.

பொட்டலங்களைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தது என் தப்பு. எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. தூக்கிப் போட்டுவிட்டு டப்பாவிலிருந்தே போட்டுக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

காலை 6.50. 189. நேற்று மாம்பழம் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மே 17, சனி

காலை 6.50. 231.

மாம்பழம் தொடவில்லை. ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டி போட்டுக் குடித்தேன். கஷாயம் அடர்த்தியாகத் தார் மாதிரி இருந்தது. வியர்க்கிறது, வாய் உலர்கிறது. மிஷினில் பேட்டரி போயிருக்கும் என்று மாற்றிப் பார்த்தேன். 236.

ஆவுடைக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன். பொட்டலம் என்னாச்சு என்று கேட்டாள். சொன்னேன். "நான் கிளம்பி வாரேன்" என்றாள்.

மே 18, ஞாயிறு

காலை பொதிகை ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். மகள் வீட்டுச் சாமான் பாதி பெட்டியிலேயே கிடக்கிறதாம். தமயந்தி என்னிடம் போனில் சண்டை போட்டாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆவுடை அடுப்படிக்குள் போனாள். இடிகல் சத்தம் கேட்டது.

மே 23, வெள்ளி

காலை 6.45. 127.

இப்போது புரிந்துவிட்டது. அதே பொடி, அதே தண்ணீர், அதே அடுப்பு. நான் போட்டால் 231, அவள் போட்டால் 127. கைராசி. விதை ஊன்றுவதற்கும் ஊறுகாய் போடுவதற்கும் கை பார்ப்பார்கள். மருந்துக்கும் உண்டு என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

உடனே கனியின் நினைவு வந்தது. அவளும் தன் கையால்தானே போட்டுக் குடிக்கிறாள். மிஷின் வைத்துப் பார்ப்பதும் இல்லை. கனிக்கும் சேர்த்து நீயே பொட்டலம் மடித்துக் கொடுத்துவிடு என்று ஆவுடையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாட்டேன்."

"ஏன்?"

"அவளுக்கு நான் கலக்க மாட்டேன். அவளோட மாத்திரைய அவ சாப்பிடட்டும். வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யுதேன்."

இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளுடைய மனசு எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கனியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான்தான் அன்னிக்கே சொன்னேனே என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

காலை 6.45. 113.

புளியங்குடிக்குப் போய் வந்தேன். கனியின் வலது உள்ளங்காலில் ஒரு புண். அடுப்பிலிருந்து விழுந்த கங்கு செருப்புக்குள் போய், மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தாளாம். சுட்டதே தெரியவில்லை என்றாள். பொறுமைசாலி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடச் சொன்னேன். ஆவுடையிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. திருநெல்வேலி, ஆஸ்பத்திரி பெஞ்சில்

காலை பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார், கனிக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை என்று. 9.20 வண்டியில் நானும் ஆவுடையும் போனோம். ஆவுடை மிஷினைக் கைப்பையில் வைத்திருந்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

காலைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். நாற்றம் தாங்கவில்லை. முழங்கால்வரை கறுப்பும் சிவப்பும். ஏழு நாளில் இப்படியா? ஏழு நாளைக்கு முன்னால் சின்னப் புண்தானே அது?

ஆவுடை விரலில் குத்திப் பார்த்தாள். மிஷினில் எண் வரவில்லை. ஹெச், ஐ என்று இரண்டு எழுத்து வந்தது. மிஷின் கெட்டுவிட்டது என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 108க்குப் போன் போட்டாள். எண்ணால் சொல்ல முடியாத அளவுக்கு மேலே போய்விட்டால் அந்த எழுத்து வருமாம். ஆம்புலன்ஸில் வந்த பையன் சொன்னான்.

இங்கே டாக்டர் கேட்டார், மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள், யார் நிறுத்தச் சொன்னது என்று. நான் தலைமாட்டில் நிற்கிறேன். கனிக்குப் பாதி நினைவுதான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்திருக்கிறது.

"யாருஞ் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 12.10.

ஜூன் 16, திங்கள்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் டாக்டரிடம் என் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதே பொடிதான் சார், எனக்கு 113, அவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன மாத்திரை என்றார். ஒன்றும் கிடையாது என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஆவுடை, "கொஞ்சம் வெளிய வாங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"உங்களுக்கும் மாத்திரைதான். முத நாள்லருந்து. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இடிகல்லுல நுணுக்கிக் கஷாயத்துல போட்டேன். மாசாமாசம் உங்க சீட்டக் காட்டி நாந்தான் வாங்கிட்டு வாரேன்."

குழாயில் யாரோ பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 149, 116, 112. ஒவ்வொரு எண்ணாகக் கண் முன்னால் வந்து போனது. ஊர் முழுக்க நான் காட்டிய நோட்டு. நடைப்பயிற்சியில் எத்தனை பேரிடம் சொன்னேன்? யார் யார் கேட்டார்கள்?

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னாக் குடிப்பியளா?"

மாட்டேன். அது எனக்கே தெரியும்.

"கனிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

"மாத்திரைய விடாதன்னு சொன்னேன். ஏன்னு சொல்ல முடியல. சொன்னா அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லிருவா. நீங்க கஷாயத்தையும் தொட மாட்டிய." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருல ஒருத்தரத்தான் காப்பாத்த முடியும்னு ஆகிப்போச்சு. நான் உங்களப் பாத்தேன். தப்புத்தான். என்னைய அடிங்க."

முப்பத்தெட்டு வருஷத்தில் கை ஓங்கியதில்லை. இன்று ஓங்கத் தோன்றியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

காலை 10.40க்குக் கனியை உள்ளே கொண்டுபோனார்கள். 12.55க்கு வெளியே. வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 25, புதன்

உடுப்பு எடுக்க ஊருக்கு வந்தவன் சித்த மருத்துவரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மார்ச் மாதம் எனக்குக் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்றார். பர்ஸில் இருந்தது. பிரித்துக் காட்டினார். பொடியின் பெயருக்குக் கீழே, "இத்துடன் ஆங்கில மருந்தையும் தொடரவும், இரண்டு மருத்துவரிடமும் தெரிவிக்கவும்" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறது.

"பொடிமேல குத்தம் இல்லங்க. என் நோயாளிங்க எத்தனையோ பேர் ரெண்டையும் சேத்துச் சாப்பிடுதாங்க. ஆனா எங்களுக்குத் தெரிஞ்சு சாப்பிடுதாங்க. உங்க தங்கச்சியை நாங்க யாரும் பாக்கவே இல்லையே."

முப்பத்தோரு வருஷம் அறிவிப்புப் பலகையில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவன் நான். இந்த வரியை நான் படிக்கவே இல்லை.

ஜூலை 2, புதன்

கனியை எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். உள் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. கால் இல்லாத இடத்தில் அரிக்கிறது என்கிறாள். அந்த இடத்தைச் சொரியக் கையைக் கொண்டுபோய், போர்வையைத் தடவிவிட்டு எடுத்துக்கொள்கிறாள். பார்க்க முடியவில்லை.

மதியம் கஞ்சி கொண்டுபோன ஆவுடையிடம் கேட்டாள்.

"மதினி, அன்னிக்கு அண்ணன் சொல்லிச்சே, எனக்கும் உங் கையால கலந்து குடுன்னு. ஏன் மாட்டேன்னிய? குடுத்திருந்தா எங் காலு இருந்திருக்கும்."

ஆவுடை கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "ஆமா கனி. குடுத்திருக்கணும்" என்றாள்.

நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கனிக்கு அப்போது காய்ச்சல் இருந்தது, 99 டிகிரி. இந்த நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காய்ச்சல் இல்லை. கனி நன்றாகத் தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து கனி ஆவுடையின் கையால் எதையும் வாங்கவில்லை. இட்லி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சர்க்கரை 290. ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இவ கை எனக்கு ஆகாது. அண்ணே, நீ உங் கையால அந்தப் பொடியக் கலந்து தா. குடிக்குதேன். உன்னைய நம்பித்தான் இருக்கேன்."

ஆவுடை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லப் போவதில்லை. இந்தத் தடவையும் பழியை வாங்கிக்கொண்டு நிற்பாள். கனி மாத்திரையில்லாமல் கிடப்பாள். மிச்சமிருக்கிற காலும் போகும்.

மதியம் 3.15. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். கஷாயத்தில் மாத்திரை இருந்தது. ஆவுடை போட்டாள். எனக்குத் தெரியாது. என் சர்க்கரை குறைந்தது அதனால்தான். உனக்கு மதினி கலக்க மாட்டேன் என்றதும், டாக்டர் எனக்கு எழுதிய மாத்திரையை உனக்குக் கொடுக்கப் பயந்துதான். மாத்திரையை விடாதே என்று அவள் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதெல்லாம் நிஜமாகவே உனக்காகத்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கனி என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவள் இப்படிப் பார்க்கவில்லை.

"அப்ப நீ மாத்திரையத் தின்னுக்கிட்டுத்தான் என்னைய விடச் சொன்னியா?"

எனக்குத் தெரியாது கனி என்று மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. நான் தின்றேன். அவளை விடச் சொன்னேன். அவள் கேட்டதில் எந்தச் சொல் பொய்?

அவள் அழவில்லை. பிறகு எனக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"மதினி, குடு அத."

ஆவுடை மாத்திரையைக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். கனி முழுங்கினாள். ஆவுடையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். என்னிடம், "நீ வெளிய இரு. நான் கூப்பிடுதேன்" என்றாள்.

முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசுகிறார்கள். யாரோ ஒருத்தி அழுகிறாள். எவள் என்று இங்கிருந்து தெரியவில்லை.

மாலை 5.40. இன்னும் கூப்பிடவில்லை.